முயல் படம் எடுக்கப்போறீங்களா? முதல்ல காதைக் கவனிங்க!

‘தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்’ என்பது பழைய கதை. இப்போது முயலைப் பிடிப்பவை செல்போன்கள்தான். காலை நடைப்பயிற்சி நேரத்தில் பூங்காவின் புதர் ஓரம் ஒரு முயல் தென்பட்டால் போதும், வரிசையாக போன்கள் நீளும். கடைசியில் மிஞ்சுவது என்னவோ, புல்லும் மங்கலாக ஓடும் ஒரு வாலும்தான்!

நம் ஊர்ப் புதர்களில் திரிவது கூண்டில் வளரும் வெள்ளை முயல் அல்ல. பிடரியில் கறுப்புத் திட்டு கொண்ட காட்டு முயல். சென்னையின் நடுவே சுமார் 2.7 சதுர கி.மீ. பரப்பில் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவிலும் இது உண்டு. இது வளை தோண்டாது. பகலில் புல்லுக்கு நடுவே பள்ளமான இடத்தில் பதுங்கியிருந்து, இருட்டியதும் மேயக் கிளம்பும். அதனால், படம் எடுக்க விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் தோது.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? அதை முயலின் காதே சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருந்தால் பிரச்னை இல்லை. மேய்வதை நிறுத்திக் காதைச் செங்குத்தாக நிமிர்த்தினால், ஆளைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. காதை முதுகோடு ஒட்டித் தரையில் படுத்துவிட்டால், பயந்துபோயிருக்கிறது. மெதுவாகப் பின்வாங்குவதே நல்லது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பின்னால் வருபவரும் அதற்குத் தெரிவார். பதுங்கிப் போவதைவிட, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தால் பலன் அதிகம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு 300 எம்.எம். லென்ஸ் கைகொடுக்கும். தரையோடு தாழ்ந்து, கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டும். ஓடும் முயலுக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடியாவது தேவை. இளவெயில் பின்னாலிருந்து விழுந்தால், காதின் ரத்த நாளங்கள்கூடச் சிவப்பாகத் தெரியும். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முக்கியமான விஷயம், குட்டி முயல். புல்லில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும், ‘ஐயோ, தாய் விட்டுட்டுப் போயிடுச்சே’ என்று கையில் தூக்கி செல்ஃபி எடுப்பவர்கள் உண்டு. அது கைவிடப்பட்ட குட்டி அல்ல. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே உடல் முழுக்க முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். எதிரிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்றே தாய் விலகி நிற்கும். இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பகலில் அந்தக் குட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டால், இரவு வரும் தாய் தேடி ஏமாறும். காட்டு முயலைப் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பாய்ந்து ஓடும் முயல் படத்துக்கு லைக்ஸ் குவியலாம். ஆனால், பல நேரங்களில் அது துரத்தி எடுத்த படம். புல்லை மென்றபடி நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் முயலின் படம்தான் எடுத்தவரின் பொறுமைக்குச் சாட்சி. பிடிக்காத முயலுக்கு எப்போதும் நாலு கால்தான்!