ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கும் பத்தாம் வகுப்பு: புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

“ஒன்பதாவது தானே, பத்தாவதுல பாத்துக்கலாம்.” பல வீடுகளில் இன்றும் கேட்கும் வசனம் இது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த பெற்றோருக்கு ஒன்பதாம் வகுப்பு என்றால் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஓய்வு ஆண்டு. பத்தாம் வகுப்பில் டியூஷன், ரிவிஷன், மாதிரித் தேர்வு என்று கட்டிப்போட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்பது அவர்களின் அனுபவம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. 2025-26 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும் மாணவர்கள் 2027-ல் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதுவார்கள். அந்தத் தேர்வுக்கான பெயர்ப் பதிவு, விருப்பப் பாடத் தேர்வு, கணக்கின் அடித்தளம் எல்லாமே இந்த ஆண்டில்தான் முடிவாகின்றன.

மாற்றம் எங்கிருந்து தொடங்கியது?

புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாஹே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு மட்டும் சிபிஎஸ்இ பாடத்திட்டம் முன்பே வந்திருந்தது.

2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையும் 11-ஆம் வகுப்பும் சிபிஎஸ்இக்கு மாறின. அடுத்த ஆண்டு 10, 12 வகுப்புகளும் சேர்ந்தன. திமுக உள்ளிட்ட எதிர்க்கட்சிகளும் தமிழ் அமைப்புகளும் இதைக் கடுமையாக எதிர்த்தன. தமிழின் இடம் என்னவாகும், ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி உண்டா என்ற கேள்விகள் எழுந்தன. நீட் போன்ற தேசிய நுழைவுத் தேர்வுகளுக்கு மாணவர்கள் தயாராவார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

அரசுப் பள்ளி மாணவர்களின் முதல் அணி 2025 பிப்ரவரியில் தொடங்கிய சிபிஎஸ்இ பொதுத்தேர்வை எழுதியது. மே 13-ல் முடிவுகள் வந்தன. தனியார் பள்ளிகளில் பல இன்னும் தமிழ்நாட்டு வாரியத்திலேயே தொடர்கின்றன. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரே வகுப்பில், இரு வேறு வாரியங்களின் புத்தகங்களோடு பள்ளிக்குப் போகிறார்கள்.

இந்த அணிக்கு மட்டும் என்ன சிக்கல்?

இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது இவர்கள் மூன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்தார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் பெரும்பகுதி வீட்டிலேயே போனது. வகுத்தல், பின்னம், தசமம் ஆகியவை ஊன்றிப் படியும் வயது அது.

2022-23-ல் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அரசுப் பள்ளியில் தமிழ்நாட்டுப் புத்தகம். மறு ஆண்டு ஏழாம் வகுப்பில் என்சிஇஆர்டி புத்தகம், அதுவும் ஆங்கிலத்தில். நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்தவர்களுக்கு இந்த ஆண்டு பள்ளியே புதுசு: புது ஆசிரியர்கள், புது நண்பர்கள், கூடுதல் தூரம்.

ஆக, ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தடுமாறினால் “கவனம் இல்லை” என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. பல்லுறுப்புக் கோவை புரியாததற்குக் காரணம், ஐந்தாம் வகுப்பில் விடுபட்ட பின்னமாக இருக்கலாம். முதல் பருவத்திலேயே இதைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு இருக்கிறது. பத்தாம் வகுப்பு அரையாண்டில் கண்டுபிடித்தால் சில வாரங்கள்தான் மிஞ்சும்.

ஒன்பதாம் வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

இது இங்கு மட்டும் உள்ள கதை அல்ல. அமெரிக்காவிலும் உயர்நிலைக் கல்வி ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பள்ளி ஆய்வுக் குழு 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பை ஒழுங்காகக் கடந்த மாணவர்கள், தடுமாறியவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்றது அது. எட்டாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணைவிட, ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவுதான் ஒரு மாணவர் தேறுவாரா என்பதை நன்றாகக் காட்டுகிறது என அதே குழு பின்னர் கண்டது.

சுருக்கமாகச் சொன்னால், எட்டாவதில் சுமாராகப் படித்த பிள்ளைக்கும் இது புதிய தொடக்கம். எட்டாவதில் முதல் ரேங்க் வாங்கியவரும் அடிக்கடி லீவு போட்டால் பின்தங்கலாம். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதவும் 75 சதவீத வருகை கட்டாயம்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?

இரண்டு மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 80 மதிப்பெண் ஆண்டுத் தேர்வுக்கு, 20 மதிப்பெண் பள்ளி அளவிலான அகமதிப்பீட்டுக்கு. தேர்ச்சிக்கு 33 சதவீதம். எட்டு வரை தடையின்றி மேல் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கோட்டைத் தாண்டினால்தான் பத்துக்குப் போக முடியும்.

அந்த 20 மதிப்பெண் நான்கு ஐந்துகளாகப் பிரிகிறது: பருவத் தேர்வுகள், வினாடி வினா போன்ற பல்வகை மதிப்பீடு, மாணவரின் பணித் தொகுப்பு, செய்முறை அல்லது பேச்சுத் திறன் போன்ற பாடச் செறிவூட்டல். பருவத் தேர்வுகளில் சிறந்த இரண்டின் சராசரிதான் எடுக்கப்படும். ஒரு தேர்வில் சொதப்பினாலும் பதற வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் நோட்டை முடிக்காமல் விட்டால், புரஜெக்ட் தராமல் விட்டால் போகும் மதிப்பெண்ணை ஆண்டுத் தேர்வில் பிடிப்பது கஷ்டம்.

மனப்பாடம் செய்தால் போதாதா?

பாதிக்குத்தான் போதும். 9, 10 வகுப்பு வினாத்தாள்களில் 50 சதவீதம் திறன் சார்ந்த கேள்விகள்; 20 சதவீதம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை; மீதி 30 சதவீதம்தான் வழக்கமான குறு, நெடு வினாக்கள்.

உதாரணத்துக்கு, “முடுக்கம் என்றால் என்ன?” என்று நேராகக் கேட்காமல், புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் பேருந்தின் வேகத்தை நிமிடவாரியாக அட்டவணையில் கொடுத்து, வேகம் கூடியது எந்த இடைவெளியில், பேருந்து நின்றது எங்கே என்று கேட்கலாம். வரையறையை ஒப்பிக்கத் தெரிந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். கேள்வியின் ஆங்கிலம் புரியாதவரும் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது சிக்கல்தான் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பெரிது. பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் விடுவது. இதற்கு ஒரு எளிய வழி: பாடத்தை முதலில் தமிழில் பேசிப் புரிந்துகொள்வது, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பது. தமிழ்நாட்டு அரசின் தமிழ் வழி அறிவியல், கணிதப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே கருத்தை அதில் தமிழில் படித்துவிட்டு என்சிஇஆர்டி பக்கத்துக்கு வந்தால் பாதிச் சுமை குறையும். “கணக்கிடுக”, “ஒப்பிடுக”, “காரணம் கூறு” போன்ற கட்டளைச் சொற்களுக்கான ஆங்கிலத்தை ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் பயன் தரும்.

தேர்வில் விடை எழுதத் தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தரப்படுகிறது. அதைப் பயன்படுத்தும் பழக்கமும் ஒன்பதாம் வகுப்பிலேயே வர வேண்டியது.

இந்த ஆண்டில் எடுக்க வேண்டிய முடிவுகள் என்ன?

*முதலாவது, பெயர்ப் பதிவு.* ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி, மாணவரின் விவரங்களை சிபிஎஸ்இயில் பதிவு செய்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரப்போவது இந்த விவரங்கள்தான். பின்னால் திருத்துவது பெரிய அலைச்சல்.

நம் ஊரில் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இனிஷியல். அதைச் சுருக்கமாகப் போடுவதா, அப்பா பெயரை விரித்து எழுதுவதா, முன்னாலா பின்னாலா என்று ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மற்றொன்று, பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். பழைய குடும்பங்களின் ஆவணங்களில் உகரத்துக்கு “ஓ, யூ” என இரண்டு எழுத்துகளும், பெயரின் முடிவில் ஒலிக்காத ஓர் “ஈ” எழுத்தும் இருப்பதைப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்றால் பிற்பாடு பாஸ்போர்ட் வரை இழுக்கும். பள்ளி தரும் சரிபார்ப்புத் தாளைப் பெற்றோர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

*இரண்டாவது, ஆறாவது பாடம்.* தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா போன்ற திறன் பாடங்களில் ஒன்றைப் பள்ளி வழங்கினால், விருப்பமுள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பில் அதை எடுக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினால், தேர்ச்சி பெற்ற திறன் பாடத்தின் மதிப்பெண் அதற்கு ஈடாகும். கூடுதல் சுமை என்று ஒதுக்கும் முன் இந்தப் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

*மூன்றாவது, கணக்கு.* பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்ட், பேஸிக் என இரு நிலைக் கணிதத் தேர்வு உண்டு. பாடம் ஒன்றுதான், வினாத்தாளின் கடினம்தான் வேறு. பேஸிக் எழுதியவர்களுக்கு 11-ஆம் வகுப்பில் பொதுக் கணிதம் கிடையாது, பயன்பாட்டுக் கணிதம் உண்டு என்பது அடிப்படை விதி. சில ஆண்டுகளில் சிபிஎஸ்இ இதைத் தளர்த்தியிருக்கிறது. ஆனால் பொறியியல் கனவு உள்ளவர்கள் தளர்வை நம்பி இருக்கக் கூடாது. தேர்வு செய்வது பத்தாவதில்தான் என்றாலும், தேர்வு செய்யும் தைரியம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலிருந்துதான் வரும்.

ஆண்டுக்கு இரண்டு தேர்வு என்கிறார்களே?

ஆமாம். 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு பொதுத்தேர்வு நடத்த சிபிஎஸ்இ முடிவு செய்துள்ளது. பிப்ரவரியில் நடக்கும் முதல் தேர்வை எல்லோரும் எழுத வேண்டும். மே மாதத் தேர்வு விருப்பம். அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். இரண்டில் எது கூடுதலோ அது நிற்கும்.

ஆனால் முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. “மேல பாத்துக்கலாம்” என்று பிப்ரவரித் தேர்வைத் தவிர்ப்பது ஆபத்து. அகமதிப்பீடும் ஒருமுறைதான்.

மேலே என்ன கிடைக்கும்?

புதுச்சேரியில் கலை, அறிவியல் கல்லூரி முதல் பொறியியல், மருத்துவம் வரை அரசு ஒதுக்கீட்டு இடங்களை சென்டாக் வழியாகவே நிரப்புகிறார்கள். நீட் தேறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 10 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்தது. ஆகவே, அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர், அரசுப் பள்ளியில் எத்தனை ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை சென்டாக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். நடுவில் ஓர் ஆண்டு மாறினாலும் அந்தச் சலுகை போய்விட வாய்ப்புண்டு.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

என்சிஇஆர்டி புத்தகங்களும் சிபிஎஸ்இயின் மாதிரி வினாத்தாள்களும் இணையத்தில் இலவசம். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு 1827-லிருந்து இயங்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் நகரின் நடுவிலேயே இருக்கிறது. லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரிலான அறிவியல் மையமும் கோளரங்கமும் உள்ளன.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் முதல் பாடம் பிரெஞ்சுப் புரட்சி. பாஸ்டில் சிறை தகர்ந்த ஜூலை 14-ஐ இன்றும் கொண்டாடும் ஊர் புதுச்சேரி. கடற்கரைச் சாலையின் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் கடந்து போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் வெறும் ஆண்டுப் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் அங்கே நின்று, “இது ஏன் இங்கே இருக்கு?” என்று கேட்டாலே புரஜெக்டுக்குத் தலைப்பு கிடைத்துவிடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது?

ஆங்கிலப் புத்தகத்தைச் சொல்லித்தரத் தெரியவில்லையே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சொல்லித்தர வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, “இதுல எது புரியல?” என்று கேட்டால் போதும். ஒரே பாடம் இரண்டு மூன்று வாரம் வந்தால், அதை எழுதி எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரைப் பார்க்கலாம். “என் புள்ள சரியா படிக்கல” என்று பொதுவாகப் புகார் சொல்வதைவிட, “பின்னக் கழித்தல் வரலை, அதனால இந்தப் பாடம் நிக்குது” என்று சொன்னால் ஆசிரியராலும் உதவ முடியும்.

முதல் பருவத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும்போது மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டிவிட்டு மூடி வைக்காமல், எந்தக் கேள்வி விட்டுப்போனது, பாடம் தெரியாமலா அல்லது கேள்வியின் ஆங்கிலம் புரியாமலா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதைத் தெரிந்துகொள்ள ஒன்பதாம் வகுப்பைவிட நல்ல நேரம் கிடைக்காது.