ஐந்துக்கு ஐந்து மீட்டரில் ஓர் அரசு வேலை

பி.ஏ. பொருளாதாரமோ வரலாறோ படிக்கும் பிள்ளையைப் பார்த்தால், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கேட்கிற முதல் கேள்வி, "குரூப் 4 எழுதுறியாப்பா?" என்பதுதான். எழுதட்டும், நல்லதுதான். ஆனால், குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். கல்லூரியில் படித்த பாடத்தையே தகுதியாகக் கேட்கும் அரசு வேலைகளும் உண்டு. அதில் ஒன்று இந்த மானாவாரிக் காட்டுக்குள்ளேயே நடக்கிறது.

மழை பொய்த்த வருஷம், பயிர்க் காப்பீட்டுப் பணம் வருமா என்று ஊரே காத்திருக்கும். அதற்கான கணக்குதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் வயலில் ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்துக்கு அளந்து, அந்த 25 சதுர மீட்டரில் விளைந்ததை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். எந்த இடத்தில் அளப்பது என்பது அதிகாரியின் விருப்பமோ, வயல்காரரின் விருப்பமோ அல்ல. குலுக்கல் போல எடுக்கும் எண்தான் இடத்தைச் சொல்லும். நன்றாக விளைந்த மூலையாகப் பார்த்து அளந்தால், விவசாயியின் நஷ்டம் காகிதத்தில் காணாமல் போய்விடும். இப்படிப் பல வயல்களில் கிடைத்த சராசரி, அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த மகசூலைவிடக் குறைந்தால்தான் இழப்பீடு.

இந்தப் பணியில் மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. அதன் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர்களை டி.என்.பி.எஸ்.சி. தேர்வு செய்கிறது. பொருளாதார மாணவர்கள் பலர் பயந்து ஒதுங்கும் புள்ளியியல் தாள்தான் இங்கே கைகொடுக்கும். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. நடத்தும் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் தேர்வுக்கும் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும்.

எம்.ஏ. பொருளாதாரம் வரை போனால் வாசல் பெரிது. 1961-ல் உருவான இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. வயது 21 முதல் 30 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அரசுத் திட்டம் எங்கே பலன் தந்தது, எங்கே தரவில்லை என்று ஆராய்வது இவர்கள் வேலை. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்காகத் தொடங்கிய திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். அங்கே சத்துணவு, கல்வி, விவசாயம் என 49 குறியீடுகளை வைத்து முன்னேற்றத்தை அளக்கிறார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை, டெல்லியில் படித்தவரைவிடத் திருச்சுழிப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்!

வரலாறு படித்தவர்களுக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. இதே மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியது. சமூகவியல் படித்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் வரும் பணிகள் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள். அறிவிப்பில் அந்த வரியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.