பச்சை விளக்கு யாருக்கு?

சிக்னல் டிசைனில் ஒரு கணக்கு வரும். ரோட்டைக் கடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐ.ஆர்.சி. முறை. 12 மீட்டர் ரோடா? பச்சை மினுங்கத் தொடங்கும்போது காலை வைத்தவர் அக்கரை சேர 10 நொடி. ஃபுல் மார்க்!

ஆனால் தலையில் காய்கறிக் கூடையோடு போகிற எங்க அம்மா அந்த வேகத்தில் நடப்பாங்களா? 0.8 நடந்தால் 8 மீட்டர்தான் வரும். மீதி 4 மீட்டர், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவிலே!

அமெரிக்காவில் முதியோர் நடையை அளந்து பார்த்தார்கள். தேசிய சிக்னல் விதிநூலின் 2009 பதிப்பில் நொடிக்கு 4 அடி என்றிருந்ததை 3.5 அடியாகக் குறைத்தார்கள். அரை அடிதானே என்று நினைக்காதீர்கள். 42 அடி ரோட்டில் ஒன்றரை நொடி கூடும். ஓர் உயிருக்கு அது போதும்.

வண்டிகள் காத்துக்கிடக்குமே என்பார்கள். கிடக்கட்டுமே! வண்டி இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் நான். நடப்பவனுக்கும் ரோடு சொந்தம்.

விதி என்பது கல்வெட்டு அல்ல. அளந்து காட்டினால் மாறும். நம்மிடம் டேப் இருக்கு, ஸ்டாப் வாட்ச் இருக்கு. இந்த வருஷ ப்ராஜெக்ட்டுக்கு நம்ம ஊர் சிக்னலில் நூறு பேர் நடையை அளப்போமா?