பைனரி பரோட்டா: முட்டி இல்லாத ஆச்சி!

ஜூன் பொறந்துட்டா தென்காசியில பாதி வீடு லாட்ஜ் ஆயிடும். 'குத்தாலத்துல சாரல் எப்படி?'ன்னு வெளியூர்ல இருந்து போன் வந்தாலே, எங்கம்மா பாய், தலையணை எண்ண ஆரம்பிச்சிருவாங்க.

போன சீசனுக்கு மஸ்கட் சித்தப்பா வந்திருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் வருவார். அவரைப் பார்த்த குஷியில ஆச்சி, 'நானும் அருவிக்கு வாரேன்'னு கிளம்பிட்டாங்க. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வருஷமா அந்தப் பக்கமே போகாதவங்க! மெயின் அருவி கூட்டத்துல நிக்க முடியாதுன்னு புலியருவிக்குக் கூட்டிட்டுப் போனோம். சித்தப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு தண்ணியில நின்னு, சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. நான் மாமாவோட பழைய டி.எஸ்.எல்.ஆரை வச்சு சுட்டுத் தள்ளினேன். மொத்தம் 400 படம்.

அன்னிக்கு சாயங்காலமே சித்தப்பாவுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ். 'எல்லாத்தையும் இதுல போட்டுக் குடும்மா'ன்னு ஒரு பென்டிரைவை நீட்டினார். 'நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே'ன்னு கெத்தா கேபிளைச் சொருகினேன். ஸ்க்ரீன் சொன்னது... 'இன்னும் 38 நிமிடம்'. ஆட்டோ வர்றதுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு!

அப்புறம் நான் செஞ்சது எல்லாமே மொக்கை. காப்பி பண்ணாம 'கட்' கொடுத்திருந்தேன். பாதியில கேமரா பேட்டரி செத்துப்போச்சு. வேற பேட்டரி போட்டா, 'கார்டைப் படிக்க முடியலை, ஃபார்மட் பண்ணவா?'ன்னு கேட்டுச்சு. எல்லாம் பென்டிரைவுக்குப் போயிருக்கும்னு நம்பி, ஓகே அமுக்கிட்டேன். அதே கார்டுல ஸ்டேஷன்ல டாட்டா காட்டுற படம் வேற எடுத்தேன். ராத்திரி ரயில்ல இருந்து சித்தப்பா போன். 'ஏம்மா, பாதிப் படம்தான் இருக்கு. அருவியில ஆச்சி நின்னது ஒண்ணுகூட இல்லையே...'

அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை.

சரி, அழுது முடிச்சாச்சு. கணக்குக்கு வருவோம்.

படம் கம்ப்யூட்டருக்குப் போற பாதையில நாலு வாசல் இருக்கு: கார்டு, கேபிள் (அல்லது கார்டு ரீடர்), போர்ட், கடைசியா எழுதப்படுற டிஸ்க். அருவியில தண்ணி எவ்வளவு கொட்டினாலும் குடத்தோட வாய் சின்னதுன்னா ரொம்ப லேட் ஆகும்ல? அதே கதைதான். நாலுல எது ஸ்லோவோ, அதுதான் மொத்த வேகம்.

மாமா கேமராவோட கேபிள் யு.எஸ்.பி. 2.0. இது 2000-ல வந்த தரம். விநாடிக்கு 480 மெகாபிட்னு போட்டிருக்கும். எட்டால வகுத்தா 60 எம்.பி. ஆனா நிஜத்துல 30, 40 எம்.பி. வந்தாலே பெரிசு. 2008-ல வந்த யு.எஸ்.பி. 3.0-ல 5 ஜிகாபிட். நிறைய கேமராக்கள்ல இன்னும் 2.0 போர்ட்தான். ஸோ, கார்டை வெளியே எடுத்து யு.எஸ்.பி. 3.0 கார்டு ரீடர்ல போடுறதுதான் முதல் வைத்தியம். 13 ஜி.பி.யை விநாடிக்கு 20 எம்.பி. வேகத்துல அனுப்பினா 11 நிமிஷம். 80 எம்.பி.ன்னா மூணு நிமிஷம்கூட ஆகாது. கேமரா பேட்டரியும் தீராது (என் வயித்தெரிச்சல் உங்களுக்கு வேணாம்!).

ரீடரைச் சொருகும்போது போர்ட்டையும் பாருங்க. உள்ளே நீலக் கலர் இருந்தாலோ 'எஸ்.எஸ்.' அடையாளம் இருந்தாலோ அது 3.0. பழைய 2.0 போர்ட்ல சொருகினா பழைய வேகம்தான்.

கார்டு மேல '170 எம்.பி.'ன்னு பெரிசா போட்டிருந்தாலும் ஏமாறாதீங்க. யு.ஹெச்.எஸ்.-1 தரத்தோட உச்சமே 104 எம்.பி.தான். அதுக்கு மேல போகணும்னா அந்தக் கம்பெனி முறைக்குப் பொருந்துற ரீடர் வேணும். பின்பக்கம் ரெண்டாவது வரிசை பின் இருந்தா யு.ஹெச்.எஸ்.-2. அது 312 எம்.பி. வரைக்கும் போகும், ஆனா ரீடரும் அதே தரமா இருக்கணும்.

இப்போ என் கேஸுல வில்லன் யாரு? கேபிளே இல்லை பாஸ், பென்டிரைவ்! அது விநாடிக்கு 6 எம்.பி.க்கு மேல எழுதவே மாட்டேங்குது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் 25 எம்.பி. 'ரா' ஃபைல், 8 எம்.பி. 'ஜேபெக்' ஃபைல்னு ரெண்டு இருந்துச்சு. சித்தப்பா ஜென்மத்துக்கும் ரா ஃபைலைத் திறக்கப் போறதில்லை. ஃபைல் வகைப்படி அடுக்கி, ஜேபெக்கை மட்டும் அனுப்பியிருந்தா 3.2 ஜி.பி. அந்த ஓட்டை பென்டிரைவ்லயே ஒன்பது நிமிஷம்தான்!

ஸோ, அவசரத்துல இருக்கிறவங்களுக்கு...

1. வேணுங்கிற ஜேபெக் முதல்ல, ரா ஃபைல் அப்புறம்.

2. எப்பவும் காப்பி. கட் வேண்டவே வேண்டாம். நாலு படத்தைத் திறந்து பார்த்துட்டு, எண்ணிக்கை சரியான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் கேமராவுலயே ஃபார்மட் பண்ணுங்க.

3. ரெண்டு கார்டை ஒரே நேரத்துல பழைய ஹார்ட் டிஸ்க்குல கொட்டாதீங்க. டிஸ்க்கோட முள் அங்கயும் இங்கயும் ஓடி இன்னும் ஸ்லோ ஆகும். எஸ்.எஸ்.டி. இருந்தா முதல்ல அதுல இறக்குங்க.

4. பத்துப் படம்னா வைஃபை ஓகே. நானூறுக்கு வேலைக்கு ஆகாது. வாட்ஸ்அப்ல அனுப்பினா 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, படம் தரம் குறையாது.

5. சாரல்ல நனைஞ்ச கையோட கார்டைக் கழட்டாதீங்க. துடைச்சுட்டு அப்புறம் தொடுங்க.

6. படம் காணாமப் போனா அந்தக் கார்டுல அதுக்கப்புறம் ஒரு படம்கூட எடுக்காதீங்க. ஃபார்மட் பண்ணாலும் படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். புதுப் படம் அது மேல உட்கார்ந்தாதான் நிஜமாவே போயிடும்.

அந்த ஆறாவதைத்தான் நான் ஸ்டேஷன்ல கோட்டை விட்டேன். மறுநாள் 'போட்டோரெக்'ங்கிற இலவச சாஃப்ட்வேரை ஓட்டினேன். நிறையவே திரும்பி வந்துச்சு. அருவியில ஆச்சி நின்ன படங்கள்ல மட்டும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் மேல் பாதிதான். சித்தப்பாவும் ஆச்சியும் சிரிக்கிறாங்க, இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் கலர் பட்டை.

பயந்துக்கிட்டே ஆச்சிகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஏட்டி, மூஞ்சி ரெண்டும் வந்துட்டுல்லா? முட்டிதானே போச்சு? அது இருந்து மட்டும் என்னத்த கிழிச்சுது!"

சித்தப்பா அந்தப் பாதிப் படத்தை பிரேம் போட்டு மஸ்கட் ரூம்ல மாட்டியிருக்கார். நான் 3.0 ரீடர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அவர் அடுத்த தடவை வரும்போது ஆச்சியை மறுபடி புலியருவியில நிக்க வைக்கணும்.