தூரிகையால் உருவாகும் ஜெட் விமானம்



ஓய்வு நேரத்திற் செய்யத்தக்க கைவேலைகளுள் மாதிரி விமானம் அமைத்தலும் ஒன்று. பெட்டியினுள்ளே துண்டு துண்டாகக் கிடக்கும் பிளாஸ்டிக் பகுதிகளை எடுத்து, ஒட்டி, வர்ணந் தீட்டி, மேசைமீது நிறுத்தும்போது உண்டாகும் இன்பம் அதனைச் செய்தவர்க்கே விளங்கும். ஆயினும் இக்கைவேலையில் ஆசை வைத்தோர் பலர் தொடங்குமுன்னரே கைவிட்டுவிடுகின்றனர். காரணம் கேட்டால், "எயார்பிரஷ் இல்லையே!" என்பர்.

எயார்பிரஷ் என்பது காற்றின் அழுத்தத்தால் வர்ணத்தை நுண்துளிகளாக்கித் தூவும் கருவி. அதனோடு காற்றை அடைக்கும் இயந்திரமும் வேண்டும். இரண்டையும் வாங்குவது சாதாரண குடும்பத்துக்கு எளிதன்று. ஆனால் அது இன்றியமையாத கருவியா? அன்று என்பதே எமது விடை. பெற்றோர் எழுப்பும் வேறொரு வினாவும் உண்டு: "நமது ஊரிலே, போர் விமானத்தின் உருவத்தை வீட்டில் வைக்கலாமா?" அது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. அதனையும் இக்கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

முதலிற் சிறிது வரலாறு. 1942ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரிடம் 5 இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு கேட்டது. வானத்தில் வருவது நட்பு நாட்டு விமானமா, பகை நாட்டு விமானமா என்று வடிவத்தைக் கண்டே அறியப் படைவீரரைப் பழக்குவதற்காக அவை வேண்டப்பட்டன. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, அரத்தாளால் தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசிக் கொடுத்தனர். அந்த அறிவு எத்துணை அவசியமானது என்பதை மட்டக்களப்பாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், எமது கரைக்கு அப்பாலுள்ள கடலிலேதான் 'ஹெர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

போருக்குப்பின், 1953இல் 'எயார்பிக்ஸ்' என்னும் ஆங்கில நிறுவனம் 'ஸ்பிட்பயர்' விமானத்தின் சிறிய பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. அக்காலச் சிறுவர் கையிலிருந்தவை சிறு தகரப் புட்டியில் அடைத்த எனாமல் வர்ணமும் ஒரு தூரிகையுமே. ஆகவே தூரிகையால் தீட்டுவது இல்லாதவர் செய்யும் மாற்றுவழி அன்று. இக்கலையின் பழைய வழியே அதுதான்.

இனி எந்த விமானத்தைச் செய்வது? இலங்கையின் ஜெட் விமான வரலாற்றோடு தொடர்புடைய 'ஜெட் புரோவொஸ்ட்' விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது 1954ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பறக்கும்படி அமைக்கப்பட்ட பிரித்தானியப் பயிற்சி விமானம். 1951இல் நிறுவப்பட்ட அரச இலங்கை விமானப்படை, 1959இல் அதன் ரி.51 என்னும் வகையைப் பெற்றது. அவ்வகை ஆயுதம் பொருத்தத்தக்கதாகவும் இருந்தது. இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அவ்விமானமொன்றை இன்றும் காணலாம். இதன் 1:72 அளவு மாதிரியை எயார்பிக்ஸ் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது.

1:72 என்றால் என்ன? ஆறடி உயரமுள்ள மனிதன் ஓரங்குலமாகக் குறுகிவிடுவான் என்பதே பொருள். ஏறத்தாழ 11 மீற்றர் அகலமுள்ள சிறகு 15 சென்ரிமீற்றராகிவிடும். இக்கணக்கை மறவாதீர்கள், வர்ணந் தீட்டும்போது இதுவே நமக்கு வழிகாட்டி. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பாக நீங்கள் வர்ணம் பூசினால், அது உண்மை விமானத்தின்மேல் ஏழு மில்லிமீற்றர் தடிப்பாகப் பூசியதற்குச் சமம். எந்த விமானத்துக்கும் சுவருக்குச் சாந்து பூசுவதுபோல் வர்ணம் பூசுவதில்லை அன்றோ? ஆதலின் தூரிகைக்காரன் முதலிற் கற்க வேண்டிய பாடம், மெல்லிய பூச்சு என்பதே.

வேலையைத் தொடங்குவோம். பகுதிகள் யாவற்றையும் சட்டத்தோடு சேர்த்து, சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரிற் கழுவி உலர விடுங்கள். அச்சிலிருந்து கழற்றும்போது படிந்த எண்ணெய்ப்பசை இருந்தால் வர்ணம் ஒட்டாது. பின்னர் ஒவ்வொரு பகுதியையும் நகவெட்டியால் வெட்டி எடுங்கள், கையால் முறித்தெடுக்கலாகாது. வெட்டிய இடத்தை நுண்ணிய அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். பசையிடுமுன் இரண்டு பகுதிகளையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். பசையைச் சிறிதளவே இடுங்கள். அது பிளாஸ்டிக்கை உருக்கி இணைப்பதால், மிகுந்தால் மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

விமானி அமரும் அறையின் உட்புறத்தை மூடுமுன்னரே தீட்டிவிட வேண்டும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இவ்விமானத்துக்கு மூக்கின்கீழ் ஒரு சக்கரமும் சிறகுகளின்கீழ் இரண்டும் உண்டு. மூக்கிலே பாரம் இல்லாவிடின் மாதிரி வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும். இதற்கு வாவிக்கரை வாசிகள் தொலைவில் தேட வேண்டியதில்லை. வீச்சுவலையின் விளிம்பிற் கோக்கும் ஈயமணிகளில் இரண்டொன்றை மூக்கின் உள்ளே ஒட்டிவிட்டால் போதும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவருந்த வேண்டாம்.

உடற்பகுதி ஒட்டி உலர்ந்தபின், இணைப்புக் கோட்டை நிரப்பித் தேய்த்து, வெளிர்சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்றைக் கொடுங்கள். கண்ணுக்குத் தப்பிய கீறல்களை அது காட்டிக்கொடுக்கும். அவற்றைத் திருத்திய பின்னரே மேல்வர்ணம்.

தூரிகை மெல்லிய மயிருடையதாக இருக்க வேண்டும். பரந்த இடத்துக்கு அரைவிரல் அகலமுள்ள தட்டைத் தூரிகையும், நுண்வேலைக்குக் கூர்நுனித் தூரிகையும் போதும். வர்ணத்தைப் புட்டியிலிருந்தபடியே பூசாமல், பசும்பாலின் பதம் வரும்வரை கலக்கிக்கொள்ளுங்கள். அக்கிரிலிக் வர்ணத்துக்கு நீரோ அதற்குரிய கரைப்பானோ ஏற்றது. எனாமலுக்கு எனாமற் கரைப்பானே வேண்டும். நனைத்த தூரிகையை விளிம்பில் ஒற்றி, ஒரே திசையில் நீளமாக இழுங்கள். காயத் தொடங்கிய இடத்தை மீண்டும் தொடாதீர்கள். தூரிகைக் கோடுகள் தோன்றுவதற்குப் பெருங்காரணம் இதுவே. முதற்பூச்சின்மீது அடியிலுள்ள நிறம் தெரியத்தான் செய்யும். மனந் தளர வேண்டாம். அது நன்கு உலர்ந்தபின் இரண்டாம் பூச்சை முதற்பூச்சுக்குக் குறுக்காகக் கொடுங்கள். மூன்றாவதிலோ நான்காவதிலோ நிறம் நிறைந்துவிடும். கடைசிப் பூச்சை மட்டும் முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையிலே இழுங்கள். அக்கிரிலிக் பூச்சுகளுக்கிடையே ஒரு மணி நேரமேனும், எனாமற் பூச்சுகளுக்கிடையே ஒரு முழு நாளும் செல்ல வேண்டும்.

இங்கே நமது ஊரின் காற்றையும் கணக்கிலெடுக்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும்போது அக்கிரிலிக் வர்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். அக்காலத்தில் நண்பகலைத் தவிர்த்து, அதிகாலையில் தீட்டுங்கள். தட்டையான தட்டிலே நனைத்த துணியை விரித்து, அதன்மேல் எண்ணெய்க் கடதாசியை இட்டு, வர்ணத்தை அதில் வைத்தால் நெடுநேரம் உலராது. கார்த்திகை, மார்கழியில் வாடை வீசி மழை பெய்யும்போது நிலை மாறிவிடும். ஈரக்காற்றிலே எனாமல் உலரத் தாமதமாகும். ஆகவே பூசிய மாதிரியை ஒரு பெட்டியால் மூடித் தூசி படாமல் வைத்து, இரு மடங்கு நேரம் காத்திருங்கள்.

அக்காலத்துப் பிரித்தானியப் பயிற்சி விமானங்களுக்கு வழக்கமான வெள்ளி வர்ணம், தூரிகைக்காரனுக்குக் கடினமான சோதனையாகும். அடியிலுள்ள சிறு கீறலையும் அது மினுக்கிக் காட்டும். முதலிற் பளபளப்பான சாம்பல் நிறத்தைப் பூசி, அது கண்ணாடிபோல் வழவழப்பான பின்னர் வெள்ளியை மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். பட்டைகள் தீட்டும்போது ஒட்டுநாடாவை முதலிற் கண்ணாடித் துண்டில் ஒட்டி, கூரிய அலகால் வெட்டிப் புதிய விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஒட்டியபின் அதன் விளிம்பின்மீது முதலில் அடிநிறத்தையே ஒருமுறை பூசிவிட்டால், அடுத்த நிறம் உள்ளே ஊறாது. கண்ணாடிக் கூரையின் சட்டங்களை நேராகத் தீட்டக் கை நடுங்குமாயின், ஒளிபுகும் ஒட்டுநாடாவில் வர்ணத்தைப் பூசி உலரவிட்டு, மெல்லிய கீற்றுகளாக வெட்டி உரிய இடத்தில் ஒட்டிவிடலாம்.

சின்னங்களை ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். மங்கலான பரப்பிலே ஒட்டினால் அடியிற் காற்று தங்கி வெண்மை தோன்றும். சின்னத்தை நீரில் அரை நிமிடம் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, துணியால் மெல்ல ஒற்றுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சிய கரைப்பானை வடிகாலில் ஊற்றாதீர்கள். வடிகால் வாவிக்குச் செல்கிறது. வாவி மீன் நமது கறிச்சட்டிக்கு வருகிறது. கடதாசியில் ஊறவைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்திக் குப்பையோடு சேர்ப்பதே முறை. எனாமல் தீட்டும்போதும் சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

இனிப் பெற்றோரின் வினாவுக்கு வருவோம். நாம் எடுத்துக்கொண்ட ஜெட் புரோவொஸ்ட் கற்பிப்பதற்கென்று பிறந்த விமானம். ஆயினும் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, அவ்விமானங்களே இந்நாட்டு இளைஞர்மீது தாக்குதல் நடத்தப் பயன்பட்டன. பின்னர் 1996இல் 'கிபிர்' விமானங்கள் வந்தன. 2009இல் போர் முடியும்வரை, வானத்தில் ஜெட் இரைச்சல் கேட்டவுடன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தாய்மார் வடக்கிலும் கிழக்கிலும் பலர். அவர்களுக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றாது. மேசைமீது அதைக் கண்டு ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

அதற்காக மாணவன் இதனைச் செய்யவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பறக்கும் பொறியின் அமைப்பை அறிவதும், அளவைக் கணக்கிடுவதும், பொறுமையோடு கையைப் பழக்குவதும் நல்ல கல்வியே. நமது மண்ணிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன பழைய யாழின் இயல்பை நூற்சான்று கொண்டும் கணிதங்கொண்டும் ஆராய்ந்து 'யாழ் நூல்' இயற்றினார். அது 1947இல் அரங்கேறியது. இல்லாத பொருளை அளவினால் மீட்டெடுக்கும் முயற்சிக்கு அளவு பொய்யாகக் கூடாது. செய்தியும் பொய்யாகக் கூடாது. மாதிரி செய்பவன் நிறத்தில் மட்டும் உண்மையைப் பேணி, வரலாற்றில் அதனை மறைப்பானாயின் அவனுடைய வேலை பாதிதான்.

ஆகவே எமது யோசனை இது. தொடங்குமுன் வீட்டிலுள்ள பெரியோரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், 1958இல் அமைந்த மட்டக்களப்பு விமான நிலையத்தை நினைந்து, பயணிகளை ஏற்றிச்செல்லும் விமானமொன்றின் மாதிரியைச் செய்யுங்கள். மேலே சொன்ன முறைகள் யாவும் அதற்கும் பொருந்தும். இணங்கினால், ஜெட் புரோவொஸ்ட்டைச் செய்து முடித்து, அதன் அடிப்பலகையிலே விமானத்தின் பெயரையும், 1959, 1971 என்னும் இரண்டு ஆண்டுகளையும் கூர்நுனித் தூரிகையால் எழுதி வையுங்கள். பார்க்க வரும் தம்பி தங்கையர் அவ்வாண்டுகள் எதற்கு என்று கேட்பர். அப்பொழுது இரண்டையும் மறையாமற் சொல்லுங்கள். பெரியவர் எவரேனும் அருகிருந்து தாம் கண்டதையும் கேட்டதையும் சொல்ல முன்வந்தால், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.