மெரூன் தொப்பிக்காரர்களுக்கு நாம் என்ன செய்தோம்?

மலேசிய இராணுவத்தில் நம்மவர்கள் போதவில்லை என்பது மேடை கிடைக்கும்போதெல்லாம் நாம் சொல்லும் புகார். ஆண்டுக்கூட்டத் தீர்மானங்களில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. சரி, போனவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

அரச மலாய்ப் படையில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேரலாம். காலாட்படைக்கு ஆசைப்பட்ட தமிழ்ப் பையன்கள் போனது எல்லா இனத்தவருக்கும் இடம் தந்த ரேஞ்சர் பட்டாளங்களுக்கு. ரேஞ்சர்கள் பாராசூட் கட்டிய கதை மாலத்தீவில் தொடங்குகிறது. 1988 நவம்பரில் அங்கே ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி நடந்தது. அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய பாராசூட் படை போய் இறங்கியது. அதைப் பார்த்துத்தான் மலேசியாவும் அப்படியொரு விரைவுப் படைக்குத் தீவிரமாகத் தயாரானது. முதலில் பாராசூட் பயிற்சிக்குப் போன காலாட்படைப் பிரிவு 8-ஆவது ரேஞ்சர். 1994-இல் மெரூன் தொப்பி அணியும் 10-ஆவது பாராசூட் பிரிகேட் உருவாகி, மலாக்கா தெரண்டாக் முகாமில் குடியேறியது. 2006-இல் கிழக்குத் திமோர் கலவரத்துக்குப் போனதும் அதுதான். இவற்றில் நம்மவர்கள் யார் யார் இருந்தார்கள் என்று பினாங்கில் எந்தச் சங்கத்தைக் கேட்டாலும் கையை விரிப்போம்.

குதிக்கப் போகிறவர் ஹெர்குலிஸ் விமானத்தில் முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்றாக இரண்டு பாராசூட்டுகளைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உயரம் ஆயிரம் அடிக்குப் பக்கம். சிவப்பு விளக்கு பச்சையானதும் கதவில் நிற்பவன் போய்விட வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. தரையில் மோதும் வேகம், ஆளுயரச் சுவரிலிருந்து மூட்டையோடு குதிப்பது போல. "முதல் தடவை பயம் இல்ல தம்பி, ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது தடவதான் பயம்," என்பார்கள் பழைய ஆட்கள். அப்படி வாங்கிய இறக்கைச் சின்னம் அவர்களுக்குப் பதவி உயர்வைவிடப் பெரிது. முட்டிவலியைக்கூடக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வார்கள். கேட்க நாம்தான் உட்காரவில்லை.

21 ஆண்டு சேவை முடிக்காமல் வெளியே வந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதப் பென்சன் இல்லை. அவர்களில் சிலர் இன்று கொண்டோ வாசலில் ஜாகா வேலை பார்க்கிறார்கள். கேட் திறந்ததும் கையைக்கூட அசைக்காமல் காரை உள்ளே விடுகிறோம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் டத்தோக்களுக்கு மாலை போட வரிசை கட்டுகிறோம். பாடாங் கோத்தா லாமா நினைவுத்தூண் பக்கம் மாலைக்காற்று வாங்கப் போகிறோம், அங்கே மலர்வளையம் வைக்கும் நாளில் நம்மில் எத்தனை பேர்? இராணுவ வீரரின் கதையான 'அமரன்' ஓடியபோது மட்டும் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். சினிமா பார்த்து அழுவது சுலபம்.

இந்த மறதி பினாங்கோடு நிற்கவில்லை. 1941 அக்டோபரில் கராச்சியில் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவரில் ஒருவர் மருத்துவர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் போரில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை நடத்தி, 1951 மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து குதித்து, மகாவீர் சக்கரம் பெற்றவர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை யார் சொல்லிக்கொடுத்தோம்?

அரசாங்கத்தைக் குறை சொல்வது பிறகு இருக்கட்டும். "படிப்பு ஏறாதவனுக்குத்தான் பட்டாளம்" என்று வீட்டிலேயே சொன்னவர்கள் நாம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன் எப்படிப் போவான்?

ஜூலை 31 வீரர் தினம். அதற்குள் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் தங்கள் வட்டாரத்து முன்னாள் வீரர்களின் பெயர், பட்டாளம், சேவை ஆண்டு மூன்றையும் குறித்து வையுங்கள். முன்னாள் வீரர் விவகாரத் துறைக்குப் போகும் பாரங்களை நிரப்பித் தர, கணினி தெரிந்த ஓர் இளைஞரை வாரம் ஒரு மாலை உட்கார வையுங்கள். அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் அந்தப் பழைய தீர்மானத்தை வாசிப்பதற்கு முன், இந்தப் பட்டியலை வாசியுங்கள்.