பாட்டி எங்கே? — கூடத்து விழாவும் பிளாஷ் விளக்கும்



சென்ற திங்கள் இப்பகுதியில் பழைய நெகடிவ்களைப் பேணும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "தந்தையார் காலத்துப் பிலிம் காமிரா வீட்டில் இருக்கிறது. கூடத்துக்குள் நடைபெறும் விழாக்களை அதில் பிளாஷ் போட்டு எடுப்பது எவ்வாறு?" என வினவியுள்ளனர். கைப்பேசியில் எடுத்த படத்தை அக்கணமே பார்த்துவிடலாம். பிலிமில் எடுத்ததோ கழுவி வந்த பின்னரே தெரியும். அதற்குள் விழா முடிந்து விருந்தினரும் ஊர் திரும்பியிருப்பர். ஆதலின், நாம் செய்த பிழை ஒன்றையே முதற்கண் கூறிவிடுகிறோம்.

2019ஆம் ஆண்டு தை மாதம், இந்நாக்பூரில் நம் அலுவலக நண்பர் ஒருவரின் மகனுக்கு ஆண்டு நிறைவு. குழந்தையின் கொள்ளுப்பாட்டியார் தம் 84ஆம் வயதில், கும்பகோணத்தில் ஏறிச் சென்னையில் வண்டி மாறி வந்து சேர்ந்திருந்தார். காலையில் வாசலில் நல்ல வெயிலில் சில படங்கள் எடுத்தோம். அப்பொழுது ஷட்டர் 125இல் இருந்தது. பின்னர் கூடத்துக்குள் சென்று, பிளாஷைப் பொருத்தி, நான்கு தலைமுறையினரையும் ஒரே வரிசையில் அமர்த்திப் பதினொரு படங்கள் எடுத்தோம். ஷட்டரை 60க்கு மாற்ற மறந்தோம்.

பிலிம் கழுவி வந்தபோது, பதினொன்றிலும் ஒரு பாதி தெளிவு. மறு பாதி இருள். நண்பரின் மனைவியார் படத்தை வாங்கி இருமுறை பார்த்துவிட்டு, "பாட்டி எங்கே அண்ணா?" என்றார். பாட்டியார் இருண்ட பாதியில் இருந்தார். மற்றவர்களின் கைப்பேசிகளிலோ குழந்தையும் கேக்கும் இருந்தனவேயன்றி, நான்கு தலைமுறையும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை. "இவர் எடுக்கிறாரே" என்று அனைவரும் நம்மை நம்பி இருந்துவிட்டனர். மறு ஆண்டே பாட்டியார் காலமானார். நண்பர் இன்றளவும் நம்மை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுவே நம்மை மிகவும் உறுத்துகிறது.

பிழையின் காரணம் இதுதான். பழைய காமிராக்கள் பலவற்றில் பிலிமுக்கு முன்னே இரண்டு துணித்திரைகள் ஓடுகின்றன. முதல் திரை விலகிப் பிலிமைத் திறக்கும். இரண்டாம் திரை பின்தொடர்ந்து மூடும். பிளாஷின் ஒளியோ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரமே நிற்பது. அக்கணத்தில் பிலிம் முழுதும் திறந்திருத்தல் வேண்டும். வேகத்தைக் கூட்டினால், முதல் திரை மறுகோடியை அடையுமுன்னரே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். மறைந்த பகுதிக்கு ஒளி எட்டாது. பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றுக்கு எல்லை 60. யாஷிகா எப்எக்ஸ்-3க்கு 125. லென்சுக்குள்ளேயே ஷட்டர் அமைந்த காமிராக்களுக்கு இத்தொல்லை இல்லை.

உங்கள் காமிராவின் எல்லை தெரியாவிடில், பிலிம் இல்லாத வேளையில் பின்கதவைத் திறந்து, லென்சின் துவாரத்தை முழுதும் விரித்து, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிளாஷை வெட்டுங்கள். பின்புறமாகப் பார்க்கையில் சட்டம் முழுதும் ஒளிர்ந்தால் அவ்வேகம் தகும்; ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தால் தகாது. இச்சோதனைக்குக் காசு செலவில்லை. நாம் இதனைப் பின்னரே கற்றோம்.

சில காமிராக்களில் எம், எக்ஸ் என இரு குறிகள் உண்டு. முற்காலத்தில் ஒரு முறை எரிந்து தீரும் பல்புகளைப் பயன்படுத்தினர். அவை முழு ஒளி பெறச் சற்று நேரமாகும் என்பதால், ஷட்டர் திறக்குமுன்னரே அவற்றைக் கொளுத்துவது எம் குறி. இன்றைய மின்னணுப் பிளாஷுக்கு எக்ஸ் குறியே உரியது. எம்மில் வைத்தால், ஷட்டர் திறக்குமுன் ஒளி மறைந்துவிடும்.

அடுத்தது துவாரம். ஒவ்வொரு பிளாஷுக்கும் கைடு நம்பர் என ஓர் எண் உண்டு. அதனை எதிரில் இருப்பவரின் தூரத்தால் வகுத்தால் வைக்கவேண்டிய துவார எண் கிடைக்கும். 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு மீட்டர்க் கணக்கில் 28 எனக் கொண்டால், மூன்றரை மீட்டருக்கு 8. ஐந்து மீட்டருக்கு 5.6, ஏழு மீட்டருக்கு 4. பிலிம் 400 ஆயின் கைடு நம்பர் இருமடங்காகி 56 ஆகும். கூடத்துக்கு 400 பிலிமே ஏற்றது என்பது நம் துணிபு.

தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். குழுப்படத்தில் முன்வரிசை இரண்டு மீட்டரிலும் பின்வரிசை நான்கு மீட்டரிலும் இருந்தால், குழந்தைகளின் முகம் வெளுக்கும். பின்னே நிற்கும் பெரியவர்கள் இருண்டு போவர். இரண்டு மீட்டர் பின்வாங்கி நின்று எடுத்தால், பின்வரிசைக்கு முன்வரிசையின் ஒளியில் ஏறத்தாழப் பாதி கிடைக்கும். முதியோரை முன்வரிசையில் நாற்காலியிட்டு அமர்த்துவது மரியாதைக்கும் உகந்தது, ஒளிக்கும் உகந்தது.

பிளாஷின் தலை மேல்நோக்கித் திரும்புமாயின், வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்துக்கு மென்மை தரும், கண்களும் சிவக்கா. கூரைக்குச் சென்று முகத்துக்கு வரும் தூரம் முழுவதையும் கணக்கிட்டு, அதன்மேல் துவாரத்தை ஒன்றிரண்டு நிலை திறந்து வையுங்கள். பச்சை, நீலச் சுவர்களில் பட்டுவரும் ஒளி வண்ணப்பிலிமில் அந்நிறத்தையே முகத்தில் பூசிவிடும். மூக்குக்கண்ணாடி அணிந்தவரைச் சற்றே தலை தாழ்த்தச் சொல்லுங்கள். அவர்கள் பின்னால் நிலைக்கண்ணாடியோ பித்தளைத் தாம்பாளமோ இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கின் சுடரொளியும் படத்தில் வேண்டுமாயின், ஷட்டரை 30 அல்லது 15இல் வைத்துக் கையை அசைக்காது எடுங்கள்.

பிளாஷின் சிவப்பு விளக்கு எரிந்த உடனே வெட்டாமல், இன்னும் சில விநாடி பொறுத்தால் முழு ஒளி கிட்டும். பழுதான பிளாஷை வீட்டில் திறந்து பார்க்கவே கூடாது. அதனுள் ஏறத்தாழ 300 வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும். பச்சிளங்குழந்தையின் முகத்தருகே பிளாஷை வெட்டாதிருப்பதும் நலம்.

இவையனைத்தும் நினைவில் நில்லாவிடினும், கூடத்தின் வாசற்படியைக் கடக்குமுன் ஷட்டர் எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் நம் இல்லத்துக்கு அடிக்கடி வருபவர் அல்லர். இப்பொழுது நம் காமிரா உறையின் மூடியில் "60" என ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். நண்பரின் மகன் அதைப் பார்த்து, "இது என்ன மாமா?" எனக் கேட்டான். "உன் கொள்ளுப்பாட்டி கற்பித்த பாடம்" என்றோம்.

அடுத்த திங்கள், பிலிம் கழுவக் கொடுக்கையில் கவனிக்க வேண்டியவற்றை எழுதுவோம்.